வீட்டைச் சுற்றிக் காடு

போர்னியோவுக்குப் போவதா வேண்டாமா என்று அந்த மழைக்காலம் முழுவதும் நான் தவித்தேன் என்று சொன்னால் அது சுத்தப் பொய். போவது என்று எப்போதோ முடிவாகிவிட்டது. பாஸ்போர்ட் கைக்கு வந்துவிட்டது. எந்தப் புடவைகள் அந்த ஊர் ஈரத்தைத் தாங்கும் என்று பிரித்து அடுக்கியும் வைத்துவிட்டேன். காட்டைப் பார்த்த ஜன்னலோரம் படுப்பதா, ஆற்றைப் பார்த்த ஜன்னலோரம் படுப்பதா என்பது மட்டும்தான் பாக்கி.

என் கணவர் தங்கவேலு அப்போது மூன்று வருஷமாக அங்கே இருந்தார். மண் தோண்டும் இயந்திரங்களைப் பழுது பார்க்கிற மெக்கானிக். சொந்த ஊர் சேலத்துப் பக்கம், வாழப்பாடியைத் தாண்டி. ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டைக்கு வேலைக்கு வந்தவர் ஒரு நாள் பைக்கிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டு புத்தூரில் கட்டுப்போட வந்தார். அதே நாளில் என் நைனா மாமரத்திலிருந்து விழுந்து கையை முறித்துக்கொண்டு அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கூடப் போனவள் நான். இரண்டு பேரும் வலியை மறக்க ஏதோ பேச ஆரம்பித்து, கட்டுப் பிரிப்பதற்குள் கல்யாணம் வரைக்கும் பேசி முடித்துவிட்டார்கள். உன் கல்யாணத்துக்கு மேளம் கொட்டியது ஐயர் பார்த்த நாளில் இல்லை, எலும்பு முறிந்த நாளில்தான் என்று என் தோழிகள் இன்னமும் கிண்டல் செய்வார்கள்.

சேர்ந்து குடித்தனம் நடத்தியது கொஞ்ச நாள்தான். பிறகு ஒரு ஏஜென்ட் வந்தார், போர்னியோ என்றார், இவர் கிளம்பிவிட்டார். பனை எண்ணெய்க் கம்பெனி என்பது எனக்குத் தெரியும். ஆனால் தோட்டம் ஒரு பக்கம் இருக்கும், இவருடைய பட்டறை இன்னொரு பக்கம் காட்டுக்குள் இருக்கும் என்று நானாகவே ஒரு படம் போட்டுக்கொண்டேன். படத்தில் கோடு போடுவதுதானே என் பிழைப்பு.

திருப்பதியில், ரேணிகுண்டா ரோட்டில், ஒரு ஹோட்டலுக்கு மேல் மாடியில் எங்கள் ஆபீஸ். காலையில் உள்ளே நுழைந்தால் கீழிருந்து சாம்பார் வாசனையும் மேலிருந்து ஏசி குளிரும் சேர்ந்து வந்து மோதும். வானத்திலிருந்து எடுத்த படங்களில் மரங்களைச் சுற்றிக் கோடு போட்டு நிறம் தீட்டுவது வேலை. ஒரு துண்டுப் படத்தை டைல் என்போம். ஒவ்வொரு டைலுக்கும் பின்னால் அதே இடத்தின் பழைய வருஷங்கள் அடுக்கடுக்காக இருக்கும். எது காடு, எது மனிதர் நட்ட தோட்டம், எது இரண்டுமில்லாத வெளி என்று ஒவ்வொரு வருஷத்துக்கும் சொல்ல வேண்டும். எங்கேயோ இருக்கிற கம்ப்யூட்டர் நாங்கள் செய்வதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுமாம். "ஒன்னப் பாத்து ஒண்ணு கத்துக்கறதுன்னா அதோட கதிய நெனச்சாத்தான் பாவமா இருக்கு" என்பாள் வஸுமதி.

வஸுமதி எங்கள் குழுவுக்குத் தலைவி. கோவிந்தராஜ ஸ்வாமி மாட வீதியில் வீடு. அவள் அண்ணன் திருமலையில் பிரபந்தம் சேவிக்கிறவர். வஸுமதிக்கும் பாதிப் பாசுரம் மனப்பாடம், ஆனால் ஆபீஸில் அவள் வாயில் வருவது பெரும்பாலும் திட்டுத்தான். நல்ல மனுஷி. நான் கண்ணைத் திறந்துகொண்டே கனவு காண்கிறவள் என்று கண்டுபிடித்த முதல் ஆள் அவள்தான்.

கனவு காணாமல் எப்படி இருப்பது? பாலசமுத்திரத்தில் பிறந்து புத்தூரில் படித்து திருப்பதியில் வாடகைக்கு இருக்கிற நான், காலை டிபனுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவில் பிரேசிலுக்குப் போய்த் திரும்புகிறவள். அங்கே பழைய வருஷத்துப் படத்தில் ஓட்டையே இல்லாத பச்சை. அடுத்த படத்தில் குறுக்கே ஒரு ரோடு. அதற்கடுத்ததில் அந்த ரோட்டுக்கு இரண்டு பக்கமும் கிளைகள் முளைத்து, மீன் முள்ளைப் போல வெளுத்துக் கிடக்கும். அதற்கும் அடுத்ததில் முள் மட்டும் தடித்திருக்கும், சதை காணாமல் போயிருக்கும். காங்கோவை மேகம் விடவே விடாது. மேகம் விலகுகிற படத்துக்காகக் காத்திருந்து பார்த்தால், கிராமங்களைச் சுற்றிக் காடு கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்திருக்கும். சைபீரியாவில் தீ எரிந்த தழும்புகள், ஒவ்வொன்றும் எங்கள் ஜில்லா அகலத்துக்கு.

எல்லாமே அழிகிற கதை என்றும் நினைக்க வேண்டாம். ஸ்பெயினில் மலைக் கிராமங்களை விட்டு ஜனங்கள் போய்விட்டார்கள் போலிருக்கிறது. வயல்களின் வரப்பு மறைந்து, வருஷத்துக்கு வருஷம் மரங்கள் இறங்கி வந்து வீட்டுக் கூரைகளைத் தொட்டுக்கொண்டு நிற்கும். சீனாவில் மொட்டை மேடுகளில் திடீரென்று வரிசை வரிசையாகப் பச்சை முளைக்கும். கோஸ்டாரிகாவில் மாடு மேய்ந்த குன்றுகள் மறுபடியும் இருண்டு காடாகிவிட்டன. ஒரு பக்கம் போகிறது, இன்னொரு பக்கம் வருகிறது. உலகம் தூக்கத்தில் போர்வையை இழுத்து இழுத்துப் போர்த்திக்கொள்கிறது என்று ஒரு நாள் வஸுமதியிடம் சொன்னேன். "போர்வைய அப்பறம் இழுக்கலாம், மொதல்ல டைலை முடி" என்றாள்.

இப்படி ஊரூராகப் பறக்கிறவள் கடைசியில் எங்கே போய் இறங்குவாள்? போர்னியோவில்தான். மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்ததும் கண் லேசாகச் சொக்கும். உடனே அந்த வீடு வந்துவிடும். மரத்தூண்களின் மேல் நிற்கிற சின்ன வீடு. கதவைத் திறந்தால் வாசலில் வேர்கள். ஈர இலை வாசனை. உள்ளே அடுப்பில் சாதம் கொதிக்கிறது. அவர் கையிலிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டு மரங்களுக்கு நடுவிலிருந்து நடந்து வருகிறார். இதையெல்லாம் நான் சும்மா கற்பனை செய்யவில்லை. தினமும் போனில் அவர் கொடுத்த சரக்கு இது.

"இன்னா பண்ணிக்கினு கீறீங்க?" என்று கேட்பேன்.

"காட்டுல இருக்கறன். வண்டி ஒண்ணு படுத்துக்கிச்சு."

"சுத்தி இன்னா தெரியுது?"

"என்ன தெரியும்? கண்ணுக்கு எட்டுன வரைக்கும் காடுதான்."

"சத்தம் கேக்குதே, அது இன்னா சத்தம்?"

"ஜெனரேட்டரு."

ஜெனரேட்டரை மட்டும் நான் கனவில் சேர்த்துக்கொள்ளவில்லை. மற்றபடி எல்லாம் அவர் சொன்னதுதான். சித்திரை முடிந்து ஒரு நாள் அவரே ஆசையாகச் சொன்னார். "யாமினி, ஃபேமிலி குவார்ட்டர்ஸ் கட்டப் போறாங்க. ஆத்தோரம். பேரு குடுத்துட்டன். காலைல கதவத் தொறந்தா காடு, பொழுதுபோனா காடு. வீட்டச் சுத்திக் காடுதான். நீ வந்துடு."

குவார்ட்டர்ஸ் இல்லாமல் குடும்பத்தை அழைத்து வர அந்தக் கம்பெனியில் விடமாட்டார்கள். அதனால் மூன்று வருஷமாகத் தனித்தனியாகக் கிடந்தோம். அவர் பக்கத்தில் படுத்துத் தூங்க வேண்டும் என்று எனக்கு எவ்வளவு ஆசை என்பதை இங்கே எழுதுவதற்கு வெட்கமாக இருக்கிறது, ஆனால் இருந்தது. அத்தோடு காடும் சேர்ந்து கிடைக்கிறது என்றால் யார் வேண்டாம் என்பார்கள்?

போர்னியோ டைல்கள் எங்கள் ஆபீஸுக்கு வந்தது ஆவணியில். "ஒன் ஆத்துக்காரர் ஊர் வந்திருக்குடி, நீயே எடுத்துக்கோ" என்று வஸுமதி மொத்தத்தையும் என் பக்கம் தள்ளிவிட்டாள். அவர் ஒரு முறை போனில் தான் இருக்கிற இடத்தைப் புள்ளியாக அனுப்பியிருந்தார். முழங்கையை மடக்கியது போல ஆறு திரும்புகிற இடம். அந்த முழங்கையை நான் தினமும் பார்த்துப் பார்த்து மனசில் ஏற்றி வைத்திருந்தேன். அதனால் அந்த டைல் திறந்ததுமே தெரிந்துவிட்டது. நாற்காலியை இழுத்துத் திரைக்கு நெருக்கமாகப் போட்டுக்கொண்டேன். கல்யாணத்தன்று கூட அவரை அவ்வளவு கிட்டே போய்ப் பார்க்கவில்லை.

பழைய வருஷத்திலிருந்து தொடங்கினேன். முதல் படம் முழுக்க ஒரே இருட்டுப் பச்சை, நடுவில் ஆறு மட்டும். ஒரே நொடியில் காடு என்று தீட்டி முடித்தேன். அடுத்ததில் தெற்கு மூலையில் ஒரு கீறல். அதற்கடுத்ததில் கீறல் ரோடாகி, ரோட்டோரம் சதுரம் சதுரமாகச் செம்மண். பிறகு அந்தச் சதுரங்களில் புள்ளி வைத்த மாதிரி பனங்கன்றுகள். புள்ளிகள் பெருத்து, ஒன்றோடொன்று தொட்டு, வரிசையாயின. நான் தோட்டம், தோட்டம் என்று தீட்டிக்கொண்டே வந்தேன். கடைசிப் படத்துக்கு வந்தபோது ஆற்றின் முழங்கை மடிப்பில் மட்டும் ஒரு முக்கோணம் கறுப்பாக எஞ்சியிருந்தது. மற்ற எல்லாமே வரிசை. அவர் அனுப்பிய புள்ளி அந்த வரிசைகளின் நட்டநடுவில் இருந்தது. பட்டறையின் தகரக் கூரை கூடப் பளிச்சென்று தெரிந்தது.

பக்கத்தில் வந்து நின்ற வஸுமதியிடம், "காட்டுல கீறேன்னு சொல்லிக்கினே இருந்தாரு, இதப் பாரு" என்றேன்.

அவள் குனிந்து பார்த்தாள். "தெலுங்குல காடுன்னா என்ன தெரியுமோ? மசானம். அவர் தெலுங்குல சொல்லியிருப்பார்" என்று சிரித்தாள். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தி, "டீ குடிக்கலாம் வா" என்று கையைப் பிடித்து இழுத்தாள். நான் போகவில்லை. படிக்கட்டுக்குப் போய் அவருக்குப் போன் போட்டேன்.

"யோவ், மூணு வருசமா பொய் சொல்லிக்கினு கீறியா?" என்றேன். கோபம் வந்தால் எனக்கு மரியாதை முதலில் போய்விடும்.

"என்ன பொய்?"

"காடுன்னு சொன்னியே. உன் ஊரு டைலு என் எதிர்ல கீது. ஒரு காடும் இல்ல. எல்லாம் பனை."

"ஆமா, பனைதான். பனங்காடு. நான் என்ன வேற சொன்னனா?"

"அது தோட்டம். காடு இல்ல."

"தோட்டம்னா கெணறு இருக்கணும், தண்ணி பாயணும். இது மழைய நம்பி மானம் பாத்த பூமி, காடு. எங்கப்பன் வச்சிருக்கறது என்ன? குச்சிக்கெழங்குக் காடு, சோளக்காடு. நீயே வந்து களை எடுத்தியே, மறந்துட்டியா?"

மறக்கவில்லை. கல்யாணமான புதிதில் அவர்கள் ஊருக்குப் போயிருந்தபோது, மாமியார் காலையில் "காட்டுக்குப் போலாம் வா" என்று கூப்பிட்டார். நானும் ஆசையாகக் கிளம்பினேன். வழியில் ஒரு மரவள்ளிக் கிழங்கு வயலில் இறங்கிக் களை எடுக்கச் சொன்னார்கள். சரி, இந்த வேலை முடிந்ததும் காட்டுக்குக் கூட்டிப்போவார்கள் என்று நினைத்துக்கொண்டு வேகவேகமாகக் களை எடுத்தேன். பொழுது சாய்ந்ததும் எல்லோரும் வீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். நேரமாகிவிட்டது போல, இன்னொரு நாள் போவார்கள் என்று நானும் பேசாமல் வந்துவிட்டேன். எங்கள் பாலசமுத்திரத்தில் வேர்க்கடலை போடுகிற மேட்டு நிலத்துக்குக் கொல்லி என்று பெயர். காடு என்றால் காடுதான். இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு ராத்திரி பஸ் தூரம்கூட இல்லை. அந்தத் தூரத்துக்குள் ஒரு வார்த்தை இப்படிப் புரண்டு படுத்துக்கொள்ளும் என்று யார் கண்டார்கள்?

"அப்ப மரம் கீற காட்டுக்கு உங்க ஊருல இன்னா பேரு?" என்று கேட்டேன். குரல் இறங்கிவிட்டது.

"ஃபாரஸ்ட்டு."

எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். அவரும் சிரித்தார். சமாதானப்படுத்துகிற குரலில் சொன்னார். "உனக்கு ஃபாரஸ்ட்டுதான் வேணும்னா அதுவும் கொஞ்சம் இருக்குது. ஆத்தோரமா முக்கோணமா இருக்கும் பாரு. அதுலதான் குவார்ட்டர்ஸ் வருது. எக்ஸ்கவேட்டருக்குப் பம்ப்பு போயிருச்சு, அதான் நிக்குது. புது பம்ப்பு படகுல வந்துக்கிட்டு இருக்கு. நான் மாட்டிக் குடுத்தன்னா ஒரு மாசத்துல சுத்தம் பண்ணிருவாங்க. அப்பறம் உனக்கு வீடு."

அவர் அதை எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னார் என்பதுதான் என்னைக் கொன்றது. ஒரு தப்பும் இல்லாத மனுஷர். பெண்டாட்டிக்கு ஒரு வீடு வேண்டும், அதற்காக ஒரு வண்டியை ஓட வைக்க வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் நான் என் கையால் கரும்பச்சை தீட்டிய அந்த முக்கோணத்தின் மேல்தான் மூன்று வருஷமாகக் கனவில் நான் சாதம் வடித்துக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

அடுத்த நாட்களில் வேலை ஓடவில்லை. மதியம் கண் சொக்கினால் பழைய வீடு வரும், ஆனால் கதவைத் திறந்தால் மரங்கள் ஒரு அடி பின்னால் தள்ளி நிற்கும். வாசலில் இறங்கி நான் ஒரு அடி வைத்தால் அவை இன்னும் ஓரடி பின்னால் போகும். யாரோ பெரிய மனுஷி வந்துவிட்டாள் என்று எழுந்து வழிவிடுகிற மாதிரி, கோபமே இல்லாமல். நான் போகப் போக அவை ஆற்றில் இறங்கிவிடும். திடுக்கிட்டு விழித்தால் எதிரே ஜன்னலில் திருமலை மழையில் கரைந்துகொண்டிருக்கும்.

"நான் ஒண்ணு கேட்டா செய்வீங்களா?" என்று அவரிடம் கேட்டேன். "அந்த முக்கோணத்துக்குள்ள போய் எனக்குக் காட்டுங்க."

"அங்க எதுக்கு? அட்டை இருக்கும்."

"மூணு வருசத்துல ஒரு வாட்டியாவது உள்ள போயிருக்கீங்களா?"

"வேலை இல்லாம அங்க யாரு போவாங்க?"

"எனக்காகப் போங்க."

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கூப்பிட்டார். எனக்குக் காலை, அவருக்கு அதைவிட வெயில் ஏறிய நேரம். திருப்பதி கொர்லகுண்டாவில் என் வாடகை அறையில் கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்து, போனைத் தலையணையில் சாய்த்து வைத்துக்கொண்டேன். முதலில் பனை வரிசைகள் வந்தன. ஒழுங்காகப் பெருக்கிவிட்ட கல்யாண மண்டபம் மாதிரி சுத்தமாக இருந்தது. நடந்தார், நடந்தார், வரிசை முடியவே இல்லை. பிறகு ஒரு வாய்க்கால் வந்தது. மேலே போட்டிருந்த பலகையில் கால் வைத்துத் தாண்டினார். போனில் வெளிச்சம் பட்டென்று குறைந்தது.

அதுவரை வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தவர் நின்றுவிட்டார்.

"இன்னாங்க? கேக்குதா?"

"ம்." குரல் தாழ்ந்திருந்தது. கோயிலுக்குள் பேசுகிற குரல். "இங்க குளுரா இருக்குது யாமினி. வெளிய அப்பிடி வெயிலு. மழை இல்ல, ஆனா தண்ணி சொட்டுது."

"மேல காட்டுங்க."

போனை நிமிர்த்தினார். இலைகளுக்கு மேல் இலைகள், அதற்கும் மேல் இலைகள். வானம் எங்கேயும் இல்லை. ஒரே ஒரு இடத்தில் வெளிச்சம் உள்ளே வந்து, ஒரு கொடியைப் பிடித்து இறங்கி, பாதியில் தீர்ந்துவிட்டது. மரத்தின் அடியைக் காட்டினார். வேர்கள் இரண்டு பக்கமும் சுவர் எழுப்பி நின்றன, அவர் உயரத்துக்கு. இவ்வளவு நாளாக உலகம் முழுக்க நான் பார்த்ததெல்லாம் காட்டின் கூரை. கூரை மேல் ஓடியாடிக் கோடு போட்டேனே தவிர, ஒரு நாளும் உள்ளே இறங்கவில்லை. அவரும் நானும் கைகோத்துக்கொண்டு ஒரு கனவுக்குள் நடந்து போவது போல இருந்தது, இரண்டு பேருக்கும் ஒரே கனவு.

திடீரென்று புஸ் புஸ் என்று ஒரு சத்தம் தலைக்கு மேல் போயிற்று.

"பஸ் ஏர் பிரேக்கு மாதிரி கேட்டுச்சே!" என்றார். "பறவைடி! இத்தாம் பெரிய மூக்கு. ரெக்கை அடிக்கிற சத்தம் அது." சின்னப் பையன் மாதிரி மூச்சு வாங்கினார். "மூணு வருசமா அரைக் கிலோமீட்டர்ல இருக்கறன். எனக்குத் தெரியவே தெரியாது."

சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுகிற சத்தம் அங்கிருந்து என் கட்டில் வரைக்கும் வந்தது.

"இங்கயா எனக்கு வீடு?" என்றேன்.

"ம். நான் நிக்கற எடம் சமையல்கட்டா இருந்தாலும் இருக்கும்."

"நான் வரலைங்க."

"கோவமா?"

"கோவம் இல்ல. வரல."

அவர் பெருமூச்சு விட்டார். "இதக் கேளு யாமினி. நீ வரலேன்னாலும் இத எடுக்கத்தான் போறாங்க. நான் பம்ப்பு மாட்டலேன்னா டவுன்ல இருந்து வேற ஆளு வருவான். இது நிக்காது."

"நிக்காதுன்னு எனக்கும் தெரியும். அதே வேலைதான நானும் பாத்துக்கினு கீறேன்." அழுதுகொண்டே சொன்னேன். "போறது போவட்டும். எனக்கு வீடு கட்டணும்னு போவக்கூடாது."

அவர் பதில் சொல்வதற்குள் படம் உறைந்துவிட்டது. பச்சைச் சதுரங்களாக உடைந்து, நடுவில் அவர் தோள் மட்டும் தெரிந்தது. கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தேன். லைன் போய்விட்டது.

வீரமாகச் சொல்லிவிட்டேனே ஒழிய, போனைக் கீழே வைத்ததும் பதறிப்போனேன். குவார்ட்டர்ஸை வேண்டாம் என்றால் அவரையே வேண்டாம் என்ற மாதிரிதானே? கம்பெனியில் கேட்டால் இன்னும் வருஷக்கணக்கில் இரு என்பார்கள், இவரும் தலையாட்டிவிடுவார். எனக்கு எங்கேயோ இருக்கிற மரங்கள் முக்கியமா, கட்டின புருஷன் முக்கியமா என்று என்னையே திட்டிக்கொண்டேன். அடுக்கி வைத்த புடவைகளைப் பார்க்கவே பிடிக்கவில்லை. போன் போட்டு, சும்மா சொன்னேன், வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிடலாமா என்று எத்தனையோ முறை எடுத்தேன். அவரும் கூப்பிடவில்லை. ஒரு வாரம், அதற்கு மேலும் போயிற்று. வஸுமதி தன் டிபன் பாக்ஸிலிருந்து புளியோதரையை என் தட்டில் தள்ளி, "மொதல்ல சாப்டு, அப்பறம் அழு" என்றாள்.

புரட்டாசிக் கூட்டத்தில் திருப்பதியே திணறிக்கொண்டிருந்த ஒரு நாள் ஆட்டோ கிடைக்காமல் நடந்தே ஆபீஸுக்குப் போய்க்கொண்டிருந்தேன். போன் அதிர்ந்தது. அவரிடமிருந்து ஒரே ஒரு செய்தி. 'பம்ப்பு வந்துச்சு. மாட்டல. கணக்க முடிச்சிக்கறன்னு சொல்லிட்டன். ஊருக்கு வரன்.'

நான் நடுரோட்டில் நின்று அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பின்னால் வந்த மொட்டை போட்ட கும்பல் ஒன்று கோவிந்தா கோவிந்தா என்று என்னை இடித்துக்கொண்டு போயிற்று. எனக்கும் கத்த வேண்டும் போலிருந்தது, கத்தினேன்.

கணக்கு முடித்து அனுப்ப அந்தக் கம்பெனிக்கு மனசு வரவில்லை. இழுத்து இழுத்து, அவர் கிளம்ப மார்கழி ஆகிவிட்டது. அவர் வருவதற்கு முந்தின வாரம், போர்னியோவின் புதுப் படங்கள் ஆபீஸுக்கு வந்தன. வஸுமதி அவற்றை முதலில் பார்த்துவிட்டாள் என்பது அவள் நடையிலேயே தெரிந்தது. "இந்த டைலையெல்லாம் நான் போட்டுக்கறேன். நீ சீனா எடுத்துக்கோ" என்றாள்.

"குடு வஸு. நானே போடறேன்."

"வேண்டாம்டி."

"நாந்தான் போடணும்."

அவள் கொடுத்துவிட்டு என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டாள். ஆற்றின் முழங்கையில் முக்கோணம் இல்லை. செம்மண் இருந்தது. அதன் மேல் ஒரே அளவில் வெள்ளைக் கூரைகள் இரண்டு வரிசையாக இருந்தன. யாரோ வந்து பம்ப்பை மாட்டிவிட்டார்கள். நான் காடு என்ற நிறத்தைத் தொடவே இல்லை. இரண்டும் இல்லாத வெளி என்று தீட்டிச் சேமித்தேன். வஸுமதி என் தலையில் கை வைத்து, அண்ணன் பாடுகிற பாசுரத்தில் ஒரு வரியை முணுமுணுத்தாள். என்ன வரி என்று நான் கேட்கவில்லை.

அவர் சென்னையில் இறங்கி, சப்தகிரி எக்ஸ்பிரஸ் பிடித்து, ரேணிகுண்டாவில் வந்து இறங்கினார். கறுத்து, இளைத்து, கையில் ஒரே ஒரு பையோடு. பிளாட்பாரத்தில் எல்லோர் எதிரிலும் என் கையைப் பிடித்துக்கொண்டார், விடவே இல்லை. ஸ்டேஷனுக்கு வெளியே ஒரு ஹோட்டலில் உட்கார்ந்து தோசை சொன்னோம். ஊரில் மழை எப்படி, நைனாவுக்குக் கை வலிக்கிறதா, ஸ்ரீ சிட்டியில் மறுபடி வேலை கேட்டிருக்கிறேன் என்று என்னென்னவோ பேசினார். தோசை வந்தது. பிட்டு வாயில் வைக்கப் போனவர் நிறுத்திவிட்டு, என்னைப் பார்க்காமல் தட்டையே பார்த்துக்கொண்டு கேட்டார்.

"அந்த எடம் இன்னும் இருக்குதா யாமினி? புதுப் படம் ஏதாவது வந்துச்சா?"

"வந்துச்சு," என்றேன். "நின்னுக்கினு கீது. அப்பிடியே கீது."

அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். புது பம்ப்பு போட்ட வண்டி எத்தனை நாளில் அந்த வேலையை முடிக்கும் என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? பிறகு "அப்ப சரி" என்று தலையாட்டிவிட்டு, தன் தோசையில் பாதியைப் பிட்டு என் தட்டில் வைத்தார். நான் சாப்பிட்டேன்.